ஸ்டார் போடாத வீடுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் மார்த்தாண்டத்தில் இருந்து களியக்காவிளை வரை சாலையின் இரு பக்கமும் வீடுகளில் கிறிஸ்மஸ் ஸ்டார்தான். கேரள எல்லை தாண்டி பாறசாலைப் பக்கம் போனாலும் அதே கதைதான். 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் குமரி மாவட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 47 பேர் கிறிஸ்தவர்கள். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளையும் ஸ்டார் கேட்டு அடம்பிடிக்கிற ஊர் இது.

உளவியல் ஆலோசகராக இந்த மாதத்தில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, எனக்கு மட்டும் ஏன் மேடம் இப்படி இருக்கு?"

ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்குக் குளிர்காலமும் ஒரு காரணம். லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்கூட இருக்காது. வெளிச்சம் குறைவதால் சிலருக்கு வரும் பருவகால மனச்சோர்வை 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் விவரித்தார்கள். மெழுகுவர்த்தி, விளக்கு, பசுமை மாறாத மரம் எல்லாம் அந்த இருட்டுக்குள் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கோ வருடத்தின் மிகக் குறுகிய பகலிலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது. அதனால் இங்கே டிசம்பரில் மனம் கனத்துப் போவதற்கு வானத்தைக் காரணம் சொல்ல முடியாது. பெரும்பாலும் வீட்டில் ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

நம் ஊரில் ஸ்டார் என்பது ஒரு வீடு ஊருக்குச் சொல்லும் சேதி. 'நாங்கள் நன்றாக இருக்கிறோம், உள்ளே வாருங்கள்' என்று அது சொல்கிறது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் போட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். இது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன். சந்தோஷமாக இருப்பதுபோல நடிக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்து அது அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

கணவரை இழந்த ஒரு பெண் என்னிடம் சொன்னதை, ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். வாலிபர்கள் வீடுவீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் வந்த இரவு அவர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். "கொட்டுச் சத்தம் எங்க வீட்டு முக்குல நின்னுது. எங்களத் தாண்டி அடுத்த வீட்டுல மறுபடியும் கேட்டுது. செத்தது அவரு மட்டும் இல்ல, நாங்களுந்தான்னு தோணிச்சு மேடம்." அந்த வாலிபர்கள் மரியாதைக்காகத்தான் கொட்டை நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவருக்கு அது ஒதுக்கிவைத்ததுபோல ஆகிவிட்டது. முந்தின நாளே ஒருவர் போய், "நாளைக்கு வரலாமா அக்கா? கொட்டு வேண்டாம், ஒரு பாட்டு பாடி ஜெபம் பண்ணிட்டுப் போறோம்" என்று கேட்டிருந்தால் போதும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் சரிதான். முடிவை அவர் எடுக்க வேண்டும், அவ்வளவே.

அதே வீட்டில் ஆறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா பரணில் இருந்து ஸ்டாரை இறக்கி, ஒயர் இழுத்து மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொள்வது அவன் வேலை. 'நான் சேட்டை பண்ணினதாலதான் ஸ்டார் போடலியா?' என்று அவன் அம்மாவிடம் கேட்டிருக்கிறான். சின்னப் பிள்ளைகள் காரணம் தெரியாத எதற்கும் தங்களையே காரணமாக்கிக்கொள்வார்கள். அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: அப்பா இறந்ததால் இந்த வருடம் வெளியே ஸ்டார் இல்லை, உன்மேல் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்குள் அவன் கையால் சின்னதாக ஒரு குடில் வைக்கட்டும். வழக்கமும் கெடாது, பிள்ளையும் தனித்துப் போகமாட்டான்.

கடற்கரை ஊர்களில் பாரம் இன்னும் அதிகம். 2004இல் கிறிஸ்மஸுக்கு மறுநாள்தான் குளச்சல், மணக்குடி கரைகளில் சுனாமி ஏறியது. கேக் வாசனை வந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதைக் கோளாறாகப் பார்க்காதீர்கள். அந்த நாளின் நினைவை உடம்பும் வைத்திருக்கிறது. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போன பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். இறந்துவிட்டார் என்று அழவும் முடியாது, வருவார் என்று நம்பவும் முடியாது. அப்படிப்பட்ட வீட்டில், "இத்தனை வருஷம் ஆச்சே, இனியாவது ஸ்டார் போடக்கூடாதா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கிறிஸ்மஸ் கதையே அழுகைக்கு இடம் வைத்திருக்கும் கதை என்பது என் எண்ணம். நிறைமாதக் கர்ப்பிணிக்குச் சத்திரத்தில் இடமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. பெத்லகேமில் ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொல்கிறான், பிள்ளைகளுக்காக ஆறுதல் பெற மறுத்து அழும் பழைய ஏற்பாட்டுத் தாய் ராகேலை நற்செய்தியாளர் மத்தேயு அங்கேதான் நினைவுபடுத்துகிறார். கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் குழந்தைகளை டிசம்பர் 28இல், கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாளில் நினைவுகூர்கிறது. 1223இல் அசிசியின் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் அமைத்த குடிலிலும் தீவனத்தொட்டி, வைக்கோல், மாடு, கழுதைதான் இருந்தன. இல்லாமையைக் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் அவர் அப்படி அமைத்தார். நம் குடில்களில் சீரியல் பல்பு ஏற ஏற அந்த இல்லாமை கண்ணில் படாமல் போகிறது. போதகர்களும் பங்குத் தந்தையரும் கிறிஸ்மஸ் செய்தியில் இந்தப் பகுதியையும் பேசினால், பின்வரிசையில் கறுப்புப் புடவையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இது தன்னுடைய பண்டிகையும்தான் என்று தெரியும்.

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், குடி கூடிக்கொண்டே போனால், 'நானும் அவரோடே போயிருக்கலாம்' என்ற பேச்சு வந்தால் பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள், மலையாளத்திலும் பேசுவார்கள். கூப்பிடத் தயங்கினால் நீங்களே எண்ணை அழுத்தி போனை அவர்கள் கையில் கொடுங்கள். பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.