இரண்டு பெட்டி, ஒரு குண்டு

ரயில் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் பிள்ளைகளோடு போய்வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கண்ணாடிக்குள் ஓர் இரும்புப் பெட்டியும், கைக்கு அடங்கும் எஃகுக் குண்டு ஒன்றும் இருந்தன. ‘பால் (ball) டோக்கன் கருவி’ என்று மட்டும் எழுதியிருந்தது. ரயில் ஓடுவதற்கு எதற்குக் குண்டு?”

மீட்டர் கேஜ் காலத்தில் மானாமதுரை வழியாக ராமேஸ்வரம் போன பாசஞ்சர் வண்டிகளுக்கு இருந்தது ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக வண்டிகள் அதிலேயே ஓட வேண்டும். ‘கிராசிங்குக்காக நிற்கிறது’ என்று பயணிகள் அலுத்துக்கொண்டது இதனால்தான்.

ஒரு வண்டி போகும்போது எதிரே இன்னொன்று வராதபடி, தந்தியில் பேசி அனுமதி கொடுத்தால் போதாதா? 1874 செப்டம்பர் 10 அன்று இங்கிலாந்தில் நார்விச் அருகே தோர்ப்பில் அப்படித்தான் செய்தார்கள். தந்தியில் நேர்ந்த குழப்பத்தால் இரு பக்கத்து வண்டிகளும் புறப்பட்டு மோதின. 25 பேர் இறந்தார்கள். விபத்து நடந்தால் ‘நேரம் சரியில்லை’ என்று சொல்லி ஆறுதல் தேடும் பழக்கம் நமக்கு இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்வர்ட் டையர் என்ற பொறியாளர் நேரத்தைப் பழிக்கவில்லை. மனிதர் தவறினாலும் தவறாத பூட்டு ஒன்றை 1878-இல் உருவாக்கினார். இந்தியாவில் பரவலாகப் புழங்கிய ‘நீல்ஸ் பால் டோக்கன்’ கருவியும் அதே வழியில் வந்ததுதான்.

பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டில் ஆளுக்கொரு பெட்டி. மேற்கு நிலைய மாஸ்டர் மணியடித்துக் கூப்பிட்டு ‘லைன் கிளியர்’, அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்கிறார். கிழக்கு மாஸ்டர் தன் கைப்பிடியை ‘ரயில் வருகிறது’ என்ற பக்கம் திருப்ப வேண்டும். ஆனால் மேற்கிலிருந்து மின்சாரம் வந்து பூட்டைத் தூக்கினால்தான் அது திரும்பும். திருப்பியபின் அவர் பதிலுக்கு மின்சாரம் அனுப்புகிறார். அப்போதுதான் மேற்குக் கைப்பிடி ‘ரயில் போகிறது’ என்ற பக்கம் திரும்பி, ஒரு குண்டு வெளியே வருகிறது.

நான் மயங்கி நிற்கும் இடம் இனிமேல்தான். ஒவ்வொரு பெட்டியிலும் பூட்டு இரண்டு: ‘வருகிறது’ பக்கத்துக்கு ஒன்று, ‘போகிறது’ பக்கத்துக்கு ஒன்று. பெட்டிகளை இணைப்பதோ ஒரே கம்பி, மின்சாரம் திரும்பும் வழி பூமி. எந்தப் பூட்டைத் திறக்க வேண்டும் என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? மின்னோட்டம் வரும் திசையை வைத்துத்தான். சுருளில் பாயும் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால் அதன் வட, தென் துருவங்கள் இடம் மாறும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அங்கே ஒரு நிலைக்காந்தத்தையும் சேர்த்து வைத்தால், நடுவிலுள்ள சிறிய நாக்கு ஒரு திசைக்கு இடப்பக்கம் சாயும், மறு திசைக்கு வலப்பக்கம் சாயும். இடம் சாய்ந்தால் ஒரு பூட்டு, வலம் சாய்ந்தால் மற்றது. ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களை ஒரே கம்பியில் பேச வைத்துவிட்டார்கள். கணினியின் வாசனைகூட இல்லாத காலத்தில்!

ஒரு குண்டு வெளியே வந்துவிட்டால் அடுத்தது எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி அதை டிரைவரிடம் தருவார்கள். அந்தக் குண்டுதான் அவர் வண்டியை எடுப்பதற்கான அனுமதி. நிற்காத வண்டியென்றால் ஓடும் எஞ்சினிலிருந்து கையை நீட்டி வளையத்தை வாங்கிக்கொள்வார்கள். கிழக்கே போய்ச் சேர்ந்ததும் குண்டு அங்குள்ள பெட்டிக்குள் விழ வேண்டும். பிறகுதான் கைப்பிடிகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆகவே, கண்ணாடிக்குள் வாசகி பார்த்தது பாதிக் கருவிதான். ஜோடி இல்லாத பெட்டிக்கு வேலையே கிடையாது. எஞ்சினுக்கு வண்ணம் பூசச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு போதும்: இரண்டு பெட்டிகளை அறையின் இரு மூலைகளில் வைத்து, ஒரு கம்பியும் பாட்டரியும் இணைத்து, பிள்ளைகளை மணியடிக்க விடலாம். தொடாதே என்ற பலகையைப் படித்து யாரும் பொறியாளராக ஆனதில்லை.

அடுத்த முறை போனால் குண்டை உற்றுப் பாருங்கள். ஒரு வரிசை எண்ணும், எந்த இரு நிலையங்களுக்கு உரியது என்ற குறிப்பும் பொறித்திருப்பார்கள். அடுத்த பகுதியின் பெட்டிக்குள் அது நுழையாதபடி அமைப்பையும் மாற்றியிருப்பார்கள். அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே மட்டும் செல்லும் காசு அது.