"என்ன கொண்டுவர வேண்டும்?" குடியேறப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பகுதி

வெளிநாட்டு வேலைக்கோ நிரந்தரமாகக் குடியேறவோ கிளம்புகிறவர்களுக்கு ஒப்பந்தத்தைப் படித்து விளக்குவது வக்கீலாக என் வேலைகளில் ஒன்று. வருகிறவர்கள் ஒப்பந்தத்தோடு கைப்பேசியையும் நீட்டுவார்கள். அங்கே ஏற்கெனவே போய்விட்ட மச்சானோ சித்தப்பா மகனோ ஊர்க்காரரோ அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு அதில் இருக்கும். உண்மையைச் சொன்னால் பலர் முடிவெடுப்பது அந்தக் குரலை நம்பித்தான், ஒப்பந்தம் பிறகுதான் வருகிறது. அதனால் அந்தக் குரலை எப்படிக் கேட்பது என்றும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, அதற்கு நான் எடுக்கும் உதாரணங்கள் ஏறக்குறைய நானூறு வருடம் பழையவை. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கக் கரைக்குப் போன முதல் ஆட்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களும், அவற்றை வைத்து லண்டனில் அச்சான சிறு புத்தகங்களும். எழுதியவருக்கு அடுத்த வருடம் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும் என்பதால்தான் இவற்றை எடுக்கிறேன். மச்சானின் அடுத்த வருடம் நமக்குத் தெரியாதே.

பிரான்சிஸ் ஹிக்கின்சன் என்ற பாதிரியார் 1629 ஜூன் மாதம் சேலத்தில் இறங்கினார் (மாசசூசெட்ஸில் உள்ள சேலம்). வந்த சில வாரங்களிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். மண் எவ்வளவு வளம், மீன் எவ்வளவு மலிவு, விறகு எவ்வளவு தாராளம் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. காற்றைப் பற்றிச் சொல்லும்போது, இங்கிலாந்தின் பீரை வயிறு முட்டக் குடிப்பதைவிட இங்கே ஒரு மடக்குக் காற்று மேல் என்கிறார். ஊரில் இருந்தவரை வயிற்று வலியால் ஓயாமல் மருந்து சாப்பிட்டவர் தான், இங்கே வந்தபின் பூரண சுகம் என்று தன் உடம்பையே சாட்சிக்கு அழைக்கிறார். பொய் சொல்லவில்லை அவர், அந்த கோடையில் உண்மையிலேயே அப்படித்தான் உணர்ந்திருப்பார். கொசு, பாம்பு, குளிர்காலப் பனி ஆகியவற்றையும் எழுதியிருக்கிறார், ஆனால் அந்தக் குளிர்காலத்தை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.

1630-இல் அது லண்டனில் அச்சாகி ஒரே வருடத்தில் மூன்று பதிப்பு கண்டது. அங்கே மக்கள் அதை வாங்கிப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் குளிர்காலம் வந்தும் போய்விட்டது, குடியேற்றத்தில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போயிருந்தார்கள். ஹிக்கின்சனும் 1630 ஆகஸ்ட்டில் காய்ச்சலில் இறந்தார், மனைவியையும் எட்டுப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு.

அதே 1630 ஜூனில் அடுத்த பெரிய கூட்டம் வந்து இறங்கியது. அதில் இருந்த தாமஸ் டட்லி 1631 மார்ச்சில் இங்கிலாந்தில் இருந்த லிங்கன் சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தை, கிளம்புகிற ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன். இறங்கிப் பார்த்தால் முன்னால் வந்தவர்களில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போயிருந்தார்கள், மிச்சமிருந்தவர்களிலும் பலர் நோயில் கிடந்தார்கள், தானியமும் ரொட்டியும் சேர்த்து இரண்டு வாரத்துக்கே தட்டுப்பாடு. ஆளுக்குப் பதினாறு முதல் இருபது பவுண்டு வரை செலவழித்துக் கூட்டி வந்த வேலையாட்களுக்குச் சோறு போட வழியில்லாமல் விடுதலை செய்து அனுப்பினார்கள். ஏப்ரலிலிருந்து டிசம்பருக்குள் சுமார் இருநூறு பேர் இறந்தார்கள், நூறு பேரளவுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். இதற்கெல்லாம் காரணம் தேடும்போது டட்லி யாரையும் ஏமாற்றுக்காரன் என்று சொல்லவில்லை. நல்லவர்கள்தான், மற்றவர்களும் வரட்டும் என்ற ஆசையில் பல விஷயங்களைக் கூட்டி எழுதிவிட்டார்கள் என்கிறார்.

என் அனுபவமும் இதுவே. ஏமாற்றுகிற ஏஜென்டை ஓரளவு அடையாளம் காட்டிவிடலாம். பாசத்தில் கூட்டிச் சொல்கிற சொந்தக்காரரை என்ன செய்வது? அவருக்கு அங்கே தனிமை, கூட ஒரு ஆள் வந்தால் தேவலை. வந்தது தப்பு என்று அம்மாவிடம் ஒப்புக்கொள்ளவும் மனம் வராது.

டட்லியின் கடிதம் அச்சேற 1696 வரை ஆனது. புகழ்ந்த புத்தகம் ஒரே வருடத்தில் மூன்று பதிப்பு, கஷ்டத்தைச் சொன்ன கடிதத்துக்கு அறுபத்தைந்து வருடக் காத்திருப்பு! இன்றைக்கு யூடியூபில் எது மேலே வருகிறது என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

சரி, கூட்டி எழுதியதை வைத்துக்கொண்டே உண்மையைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும், அந்த எழுத்துக்குள்ளேயே அது இருக்கிறது. அதே கரையில் முன்பே எழுந்த பிளிமத் குடியேற்றத்திலிருந்து, அங்கே முதலில் வந்தவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ 1621 டிசம்பரில் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அவரோடு மேஃப்ளவர் என்ற கப்பலில் வந்த 102 பேரில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்தில் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடிதத்தின் முதல் பாதியில் மீன், காட்டுப்பறவை, மான் என்று ஒரே செழிப்பு, எங்கள் நிறைவில் நீங்களும் பங்கெடுக்க மாட்டீர்களா என்று ஏக்கம். பிறகு, வருகிறவர்கள் என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். உடுப்பும் படுக்கையும் நிறைய வேண்டும், ஆளுக்கொரு துப்பாக்கி வேண்டும், எலுமிச்சைச் சாறு வேண்டும், ஜன்னலுக்கு ஒட்டக் காகிதமும் ஆளி விதை எண்ணெயும் வேண்டும். நடுவில் ஒரு வரி: தானியத்துக்கு எங்களை ரொம்ப நம்பாதீர்கள், புதிதாக வந்தவர்கள் முழுக்க எங்களையே நம்பி இருப்பதால் அடுத்த அறுவடை வரை எங்களுக்கே போதாது.

முதல் பாதியில் நிறைவு என்று சொன்ன அதே ஆள்தான் இதையும் எழுதியிருக்கிறார். புகழ்கிறபோது மனுஷன் ஊரில் இருப்பவர்களின் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதுகிறான், பட்டியல் போடும்போது தான் பட்டது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ஜன்னலுக்குக் காகிதம் கொண்டு வா என்றால் அங்கே கண்ணாடி கிடையாது. துப்பாக்கி என்றால் பயம் இருக்கிறது. ஹிக்கின்சனின் புத்தகத்தோடும் ஒரு பட்டியல் சேர்ந்தது: ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கு 8 புஷல் மாவு, 2 புஷல் பட்டாணி, 2 புஷல் ஓட்ஸ், இன்னும் எண்ணெய், வினிகர், வெண்ணெய். புஷல் என்பது சுமார் 35 லிட்டர், ஆக மாவு மட்டுமே 280 லிட்டர். அவ்வளவு வளமான மண்ணுக்கு ஒரு வருடச் சாப்பாட்டை ஏன் கப்பலில் ஏற்ற வேண்டும்? நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார், இங்கிலாந்தை விட்டுக் கிளம்பிவிட்டால் சத்திரம், கசாப்புக் கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை எதுவும் கிடையாது என்று.

ஆகவே குரல் பதிவை என்னிடம் போட்டுக் காட்டுகிறவர்களிடம், "வரும்போது என்ன எடுத்துட்டு வரச் சொன்னார்?" என்றுதான் முதலில் கேட்பேன். மூணு மாசச் செலவுக்குப் பணம் கையில் வைத்துக்கொள் என்றாரா, அப்படியானால் சம்பளம் மாதாமாதம் வருவதில்லை. மாத்திரை ஆறு மாசத்துக்கு வாங்கி வா என்றாரா, அப்படியானால் அவர்கள் சொன்ன மருத்துவக் காப்பீடு கைக்கு வந்து சேரவில்லை. பாஸ்போர்ட்டை நாலு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு வா என்றால் நான் அங்கேயே நிறுத்தி, அசல் இப்போது யார் கையில் இருக்கிறது என்று அவருக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுவேன்.

அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது எளிதில் கண்ணில் படாத ஆட்களும் உண்டு. காலியாகக் கிடக்கும் நிலம் என்று எழுதினார்களே, பிளிமத் எழுந்த இடம் பட்டுக்செட் என்ற பூர்வகுடி ஊர், 1616-க்கும் 1619-க்கும் நடுவே வந்த கொள்ளைநோயில் அழிந்துபோனது. திருத்தி வைத்த வயல் சும்மா கிடந்ததற்கு அதுதான் காரணம். ஓர் இடத்தில் வேலை நிறைய இருக்கிறது என்றால் முன்பு அந்த வேலையைப் பார்த்தவர்கள் ஏன் போனார்கள் என்று இன்றைக்கும் கேட்கத்தான் வேண்டும்.

கடன்பட்டுப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற இளைஞன் ஒப்பந்தக் கூலியாக வர்ஜீனியாவுக்குப் போய் 1623-இல் பெற்றோருக்கு எழுதினான். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து பட்டாணியும் கஞ்சியும் தவிர வேறு சாப்பிடவில்லை, என்னைப் பணம் கட்டி மீட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். திரும்பி வரவும் காசு வேண்டும் என்பது போன பிறகுதான் உறைக்கிறது. 1750-இல் பென்சில்வேனியாவுக்குப் போய் 1754-இல் ஜெர்மனிக்குத் திரும்பிய காட்லீப் மிட்டல்பெர்கர் எழுதியது இன்னும் கொடுமை. ஊர் ஊராக ஆள் பிடிக்கிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன், அமெரிக்காவிலிருந்து வரும் கடிதங்களை நடுவில் பிடித்து அதே கையெழுத்தில் நல்லபடியாக மாற்றி எழுதவும் ஆட்கள் இருந்தார்கள். பாதி வழிக்குமேல் கணவன் கடலில் செத்துப்போனால் அவனுடைய பயணக் கட்டணத்துக்கும் மனைவி சேர்த்து உழைத்துக் கழிக்க வேண்டும்.

இன்றைய சட்டம் நமக்குக் கொஞ்சம் துணை இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஏஜென்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், அவர் காட்டும் சான்றிதழின் போட்டோ போதாது. பதிவுபெற்ற முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், அதற்கும் ரசீது கேளுங்கள். அங்கே இருக்கும் சொந்தக்காரரிடம் பேசும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். போய் எத்தனை மாசம் ஆச்சு, போன மாசச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, ரூமில் எத்தனை பேர், கூடப் போனவர்களில் யார் திரும்பி வந்துவிட்டார்கள் என்று கேளுங்கள். திரும்பி வந்த ஒருவரையாவது தேடிப்பிடித்து நேரில் பேசுங்கள். அப்புறம் ஒப்பந்தத்தின் ஒரு நகலை, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் விளக்கிச் சொல்லி, வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.