"வந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க மேடம்"

போன வாரமும் ஒரு போன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களாம், ஜாதகமெல்லாம் பொருந்திருச்சாம், பொண்ணு எங்ககிட்ட கவுன்சிலிங் வந்துச்சுன்னு யாரோ சொன்னாங்களாம், "என்ன பிரச்சனைன்னெல்லாம் வேணாம் மேடம், வந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க". ஏங்க, அதையும்தான் சொல்லக்கூடாது!

உள்ள பேசினது மட்டும்தான் ரகசியம்னு நினைச்சுட்டு இருக்காங்க. ஒருத்தர் என் கிளினிக் படி ஏறினாரான்றதே ரகசியம்தான். "வரலைன்னா வரலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே"ன்னு கோவம் வேற. வராதவங்களுக்கு "வரல", வந்தவங்களுக்கு "சொல்ல முடியாது"ன்னு சொன்னா, அந்த "சொல்ல முடியாது"லயே பதில் வந்துருச்சே! அதனால யாரைப் பத்திக் கேட்டாலும் "சொல்ல முடியாது"ன்னு ஒரே பதில்தான், ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணும் அதையேதான் சொல்லும். (கடைத்தெருவுல பாத்தாக்கூட நானா வந்து பேச மாட்டேன், திமிருன்னு நினைச்சுக்காதீங்க.)

அடுத்து "ஃபீஸ் கட்டுறது நான், உள்ள என்ன பேசினாங்கன்னு சொல்லுங்க" கட்சி. கட்டினா ரசீது தருவேன், அவ்ளோதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 23வது பிரிவே இந்த ரகசியத்தைக் காப்பாத்தத்தான் இருக்கு. சட்டப்படி அவங்களோட பிரதிநிதியா இருக்கிறவருக்கு அந்தப் பொறுப்புக்குத் தேவையானதைச் சொல்லலாம், செஷன்ல அழுததை வரிக்கு வரி ஒப்பிக்க முடியாது. டைவர்ஸ் கேஸுக்கு உதவும்னு வக்கீல் லெட்டர் அனுப்பினாலும் ஃபைல் வராது, கோர்ட் ஆர்டர் வரட்டும்.

அதுக்காக எல்லாத்தையும் பூட்டி வச்சுக்குவேன்னு இல்ல, முதல் செஷன்லயே சொல்லிடுவேன். உயிருக்கு ஆபத்து, இன்னொருத்தருக்கு ஆபத்துன்னா, தடுக்கத் தேவையானதை மட்டும் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன். "செத்துடலாம் போல இருக்கு"ன்னு சொன்ன உடனே வீட்டுக்கு போன் போயிடும்னு பயந்து நிறைய பேர் மறைக்கிறாங்க, தயவுசெஞ்சு மறைக்காதீங்க. அந்த எண்ணத்தைப் பத்திப் பேசத்தான் நாங்க உக்காந்திருக்கோம். எப்படி, என்னைக்குன்னு முடிவு பண்ணி வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சாதான் வீட்டுல ஒருத்தரைக் கூப்பிடுவோம், அதுவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடப் பாப்போம்.

குழந்தைகிட்ட யாராவது பாலியல் ரீதியா தப்பா நடந்திருந்தா மட்டும் பேச்சுக்கே இடமில்ல. போக்சோ சட்டம் 2012, 19வது பிரிவு, போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லலைன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில். "சித்தப்பாதான் மேடம், வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்"னு அம்மா கையைப் பிடிச்சு அழுதாலும் சொல்லத்தான் செய்வேன்.

வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு, செஷன் முடிஞ்சு ஆட்டோல ஏறினதுமே "என்னைப் பத்தி என்ன சொன்ன"ன்னு குடையாதீங்க. அவங்க சம்மதிச்சா ஒரு நாள் எல்லாருமா உக்காந்து பேசலாம். வர்றவங்களுக்கும் ஒண்ணு, ஃபார்ம்ல உங்க நம்பரையே எழுதுங்க, வீட்டுக்காரர் நம்பரை எழுதிட்டு அப்பாயின்ட்மென்ட் மெசேஜ் அவருக்கு எப்படிப் போச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.