மண்ணில் கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

போன மாதம் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தான். இணையத்தில் வாங்கிய மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு, பழைய லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட இடத்தில் இரண்டு ஞாயிறு அலைந்திருக்கிறான். கைக்குட்டையைப் பிரித்தான். ஏழு சதுர வெண்கலக் காசுகள். ஏழும் இளஞ்சிவப்பாகப் பளபளத்தன.

"பாட்டிதான் புளி போட்டுத் தேய்ச்சுக் கொடுத்தாங்கண்ணே. நல்லா இருக்குல்ல?"

உருப்பெருக்கியில் பார்த்தேன். ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலையில் முடியின் ஒரு கோடுகூட மிச்சமில்லை. முகமெங்கும் கீறல். ஒன்றில் மட்டும் 1943 என்பது மங்கலாகத் தெரிந்தது. இருபது ஆண்டுகளாகப் பழைய நாணயம் வாங்கி விற்கிறேன். இந்தக் காட்சி மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

பாட்டியைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கு தேய்த்த கை அது. செம்பில் களிம்பு போல உயிரில் மலம் என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. களிம்பு என்றாலே போக்க வேண்டியது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காசு விஷயம் வேறு. பல ஆண்டுகள் மண்ணில் கிடந்த வெண்கலத்தின் மேல்தோல்தான் பழுப்பாகவும் கரும்பச்சையாகவும் மாறி இறுகுகிறது. எழுத்தும் முகமும் இப்போது அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அமிலம். படலத்தைக் கரைத்தால் எழுத்தும் அதோடு போகும். ஒரு பெரியவர் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட்டில் பத்துக் காசு ஒன்றை ஊறப்போட்டுக் கொண்டுவந்தார். அம்மை வடு போல முகமெல்லாம் குழி.

அந்த 1943ஐ நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. அந்த ஆண்டு மலாயா ஜப்பானியர் கையில். ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு ஓடிய காலம். ஆகவே அந்தக் காசு 1945இல் பிரிட்டிஷார் திரும்பிய பிறகுதான் இங்கே புழங்கியிருக்க முடியும். "ஏழும் ஒரே இடத்திலா கிடைச்சது?" என்றேன். தம்பிக்கு நினைவில்லை. அந்தப் பக்கம்தான் கள்ளுக்கடை இருந்தது என்று பாட்டி சொன்னாராம். எது எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தால்கூடப் போதும்.

காசை மண்ணோடு எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் உண்டு. மண் இளகியதும் ஈரமான மூங்கில் பல்குச்சியால் மெதுவாகத் தள்ளலாம். துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். வெள்ளிக் காசு கறுத்திருந்தால் அப்படியே விடுங்கள். பித்தளை பாலிஷ் பக்கமே போகக்கூடாது.

வெளிர்பச்சையாக மாவு போல உதிர்ந்தால் மட்டும் கவனம். அது காசைத் தின்னும் களிம்பு. குளோரைடும் ஈரக்காற்றும் சேர்ந்து செய்கிற வேலை. செம்பனைக்குப் போடுகிற பொட்டாஷ் உரமே பொட்டாசியம் குளோரைடுதான், அதனால் நம் தோட்ட மண்ணில் கிடந்த காசுக்கு இந்த ஆபத்து அதிகம். அந்தக் காசைத் தனியாகப் பிரித்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

பீடோங்கில் தோண்டுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில்தான் சுங்கை பத்து. பழங்காலத்தில் இரும்பு உருக்கிய அந்த இடத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்திருக்கிறது. டிடெக்டர் கத்தியதும் துருப்பிடித்த கட்டி என்று நீங்கள் வீசுவது அந்த உலையின் கசடாக இருக்கலாம். பூஜாங் பள்ளத்தாக்கில் 2013இல் ஒரு சண்டியையே, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சத்தையே, இடித்துத் தள்ளியதைப் பார்த்தவர்கள் நாம். 2005ஆம் ஆண்டுத் தேசிய பாரம்பரியச் சட்டப்படி, தொன்மையான பொருள் என்று தோன்றினால் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். என்னிடம் விலை பேசுவது அதற்குப் பிறகுதான். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தோண்டவே கூடாது. குண்டு போல ஏதும் தென்பட்டால் தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள்.

கிளம்பும்போது தம்பி, "வண்டியில இன்னொண்ணு கெடக்குண்ணே, பாட்டி பார்க்கல" என்று ஓடிப்போய் ஒரு மண்ணாங்கட்டியைக் கொண்டுவந்தான். என் மேசை மேலேயே ஒரு கிண்ணத்து நீரில் போட்டோம். நான்காம் நாள் மண் தானாக விலகியது. கரும்பழுப்புச் சதுரம், மன்னரின் காதோர முடி இழை இழையாக, மறுபக்கத்தில் தெளிவாக 1940. படம் எடுத்து அனுப்பினேன். அன்று மாலையே பாட்டியையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.