கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பல்லாங்குழி

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. ஒரு பகுதியை ஊரார் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி வரும் நடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மரப் பல்லாங்குழி. பக்கத்தில் '14 குழிகள் கொண்ட விளையாட்டுப் பலகை' என்று ஓர் அட்டை. போன கோடை விடுமுறையில் அக்கா மகளை அங்கே கூட்டிப் போனேன். அட்டையைப் பார்த்தாள், போனில் ஒரு படம் எடுத்தாள், அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். ஐந்து விநாடி ஆகியிருந்தால் அதிகம்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்கு முன்னால் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து 2001இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற ஓவியங்களுக்கே அந்தக் கதி. பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்துக் களைத்துப் போவதை 'அருங்காட்சியக அயர்ச்சி' என்று பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916லேயே படம் பிடித்து எழுதிவிட்டார்.

படம் எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்தில் நடத்திச் சென்று, சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்தவை அவ்வளவாக நினைவில் இல்லை. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு விட்டுவிடுகிறது போல. ஆனால் பொருளின் ஏதோ ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்த மறதி வரவில்லை. எங்கே நெருக்குவது என்று தேட வேண்டியிருந்ததே!

அருங்காட்சியகத்தில் பார்க்க வருபவர்களுக்கு வைக்கும் விளையாட்டின் சூட்சுமமும் இந்தத் தேடலில்தான் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

அந்த வீட்டின் தரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல். 'கையால் செய்தது' என்று எழுதி வைத்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். 'ஒரே மாதிரி இரண்டு கல் கண்டுபிடி' என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் தரையில் மண்டியிட்டுவிடும். ஒன்றில் இதழ் கொஞ்சம் தடித்திருக்கும், இன்னொன்றில் சிவப்பு பக்கத்துக் கட்டத்துக்குள் கசிந்திருக்கும். அப்புறம்தான் 'ஏன்?' என்ற கேள்வி வரும். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சாந்தைக் கையாலேயே ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியில் படிந்த முகம் என்பதால்தான் அந்தப் பளபளப்பு. கசிவைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் பாடமாகத் தெரியாது, துப்பறிந்த கதையின் முடிவாகத் தெரியும்.

இன்னொரு வழி, முதலில் ஊகிக்க வைப்பது. அலமாரியில் ஒரு எனாமல் சட்டி. எந்த ஊர்ச் சரக்கு? பெரும்பாலும் மதுரை என்பார்கள், விவரமானவர்கள் ரங்கூன் என்பார்கள். கவிழ்த்துக் காட்டினால் அடியில் ஸ்வீடன் முத்திரை. தப்பாகச் சொல்லிவிட்டுப் பிறகு சரியான விடையைத் தெரிந்துகொள்வது, விடையை நேரே படிப்பதைவிட நன்றாக மனதில் நிற்கிறது என்று 2009இல் கார்னெல், ஹேஸ், பியோர்க் மூவரும் சோதித்துக் காட்டினார்கள். விடைக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் மூளையில் என்ன நடக்கிறது என்பதை 2014இல் இன்னொரு குழு ஸ்கேன் செய்து பார்த்தது. ஆவல் ஏறும்போது, பரிசை எதிர்பார்க்கையில் துடிக்கும் டோபமைன் பகுதிகளும் நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸும் சேர்ந்து இயங்குகின்றன. காத்திருந்தபோது திரையில் வந்துபோன, கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத முகங்கள்கூட நன்றாகப் பதிந்திருந்தன. ஸ்வீடன் முத்திரைக்காகக் காத்திருப்பவருக்கு அலமாரியின் பர்மா தேக்கும் சேர்ந்தே நினைவில் நிற்கலாம் என்பது என் ஊகம்.

ஆனால் எல்லா விளையாட்டும் உதவாது. வேறொரு காட்சிக்கூடத்தில் 20 கேள்வி உள்ள தாளைக் கொடுத்து, முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்றார்கள். பிள்ளைகள் அட்டைக்கு அட்டை ஓடி எண்களைக் காப்பியடித்தார்கள். பொருளை ஒருவரும் பார்க்கவில்லை. இது பழைய பாடம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த சோதனையில், படம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே ஆசை காட்டப்பட்ட சின்னப் பிள்ளைகள், பிறகு சும்மா விட்டபோது மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று கொடுத்த சான்றிதழ் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. எனவே மிட்டாய் கொடுக்க வேண்டுமென்றால் கடைசியில், சத்தமில்லாமல் கொடுங்கள்.

சரி, அக்கா மகளுக்கு வருவோம். சுற்றிவிட்டு வெளியே வந்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி திண்ணையில் இன்னொரு பல்லாங்குழியை வைத்துக்கொண்டு, குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தா, ஒரு ஆட்டம் போடுவோம்."

ஒரு ஆட்டம் என்றது நான்கானது. மூன்றாவதில் ஒரு குழி நிரம்பி, கொட்டைகள் திண்ணையில் உருண்டன. பொறுக்கிக்கொண்டே அவள் கேட்டாள்: "ஆச்சி, உள்ளே இருக்கிற பலகையில் குழி இதைவிடச் சின்னதா, பெரிசா?"

"நீயே போய்ப் பாரு."

உள்ளே ஓடினாள். பின்னாலேயே போனேன். கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து, விரலால் காற்றில் ஆழம் அளந்துகொண்டிருந்தாள். "சின்னது மாமா. இதில் புளியங்கொட்டை கொள்ளாது. குன்றிமணி வைத்து ஆடியிருப்பாங்களோ?"

அட்டையில் அதற்குப் பதில் இல்லை. போனை அவள் வெளியே திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.