ஹை கமிஷனர்: ஆணையரா, தூதரா?

பிரிட்டன் பாரிசுக்கு அனுப்பும் தலைமைத் தூதர் அம்பாசிடர். டெல்லிக்கும் கொழும்புக்கும் அனுப்புகிறவர் ஹை கமிஷனர். தரத்தில் இருவரும் சமம். பெரும்பாலும் பிரிட்டன் முன்பு ஆண்ட நாடுகள் சேர்ந்த அமைப்பு காமன்வெல்த். ஒரு காமன்வெல்த் நாடு இன்னொரு காமன்வெல்த் நாட்டுக்கு அனுப்பும் தூதருக்கு மட்டும் இந்தப் பெயர்.

காரணம் முடியாட்சியில் இருக்கிறது. அம்பாசிடர் என்பவர் ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவருக்கு நற்சான்றுக் கடிதம் கொடுத்து அனுப்புகிறவர். பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் முடி ஒன்றே. ஓர் அரசர் தனக்குத் தானே தூது விட முடியுமா? அதனால்தான் 1880-ல் லண்டனுக்கு வந்த கனடாவின் பிரதிநிதி அலெக்சாண்டர் கால்ட், ஹை கமிஷனர் ஆனார். பிரிட்டன் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்கு அப்படி ஒருவரை அனுப்பியது 1928-ல். 1950-ல் இந்தியா குடியரசான பின் அந்தக் காரணம் பொருந்தவில்லை, பெயர் மட்டும் நீடித்தது. பாகிஸ்தான் 1972-ல் காமன்வெல்த்தை விட்டு விலகியதும் அங்கிருந்த பிரிட்டன் தூதர் அம்பாசிடர் ஆனார். 1989-ல் அது திரும்பி வந்ததும் பழைய பெயரும் வந்தது.

ஆனால் இதே பெயரில் ஆட்சியாளர்களும் இருந்தார்கள். பாலஸ்தீனத்தை 1920 முதல் 1948 வரை ஆண்ட பிரிட்டிஷ் ஹை கமிஷனர்கள் தூதர்களே அல்லர், ஆளுநர்கள்.

இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே நகர்ந்தது மால்கம் மெக்டொனால்டின் வாழ்க்கை. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ராம்சே மெக்டொனால்டின் மகன், 1901-ல் பிறந்தவர். குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்தபோது பாலஸ்தீன ஹை கமிஷனர் இவருக்குக் கீழே வேலை பார்த்தார். 1941-ல் இவரே ஹை கமிஷனராகக் கனடாவுக்குப் போனார். அங்கே அவர் தூதர். பிறகு மலாயா, சிங்கப்பூரில் வேறு பதவிகள்; 1955 முதல் 1960 வரை டெல்லியில் மறுபடி ஹை கமிஷனர். கென்யாவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1963-ல் கடைசி ஆளுநராகப் போனார். அந்த ஆண்டு டிசம்பரில் விடுதலை வந்ததும் பிரிட்டிஷ் முடியின் பிரதிநிதியான தலைமை ஆளுநர். 1964 டிசம்பரில் கென்யா குடியரசானதும் அதே நைரோபியில் ஹை கமிஷனர்! ஆள வந்தவர், ஆண்ட ஊரிலேயே தூதராக நின்றார்.

தமிழில் என்ன சொல்வது? ‘உயர் ஆணையர்’ என்கிறோம். நமக்கு ஆணையர் என்றால் மாநகராட்சி ஆணையர், காவல் ஆணையர், அதிகாரம் செலுத்துகிறவர். பாலஸ்தீனத்தில் இருந்தவருக்கு அது பொருந்தும், டெல்லியில் இருப்பவருக்குப் பொருந்தாது. கமிஷன் என்பதன் இலத்தீன் வேருக்கும் ஆணையிடுதல் அன்று, ஒப்படைத்தல் என்றே பொருள். இலங்கைத் தமிழர் ‘உயர்ஸ்தானிகர்’ என்கிறார்கள். அம்பாசிடரைக் குறிக்கும் ‘தூதுவர்’ என்பதிலிருந்து பிரித்துக் காட்டும் வசதி அதில் உண்டு, ஆனால் செய்யும் வேலை பெயரில் தெரிவதில்லை.

அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன காலத்திலிருந்து நம்மிடம் சொல் இருக்கிறது. குறளில் ஓர் அதிகாரமே ‘தூது’. ஆகவே ‘உயர் தூதர்’ என்பதே சரி. அலுவலகம் ‘உயர் தூதரகம்’. சென்னையில் பிரிட்டனுக்கு இருப்பது ‘துணை உயர் தூதரகம்’. அதைத் துணைத் தூதரகம் என்று சுருக்கினால், அதே பெயரில் அழைக்கப்படும் அமெரிக்கக் கான்சுலேட்டுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது.