‘இட்’ ஏன் நடுவில் போய் உட்காருகிறது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மாணவி கேள்வி அனுப்பியிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர். ‘டேர்ன் ஓஃப் த லைட்’ என்று எழுதினாராம், சரி போட்டார்கள். ‘டேர்ன் த லைட் ஓஃப்’ என்று எழுதினாராம், அதற்கும் சரி. அடுத்த வரியில் லைட்டை எடுத்துவிட்டு ‘டேர்ன் ஓஃப் இட்’ என்று எழுதியதற்குச் சிவப்புக் கோடு. ஏன் சேர் என்று கேட்டதற்கு, “அது அப்படித்தான் மகள், பாடமாக்குங்க” என்று பதில் வந்திருக்கிறது.

லைட்டுக்கு இரண்டு இடமும் திறந்திருக்கும்போது இட்டுக்கு மட்டும் ஒரு கதவை ஏன் பூட்டினார்கள் என்று கேட்கிறார். இந்த வருடம் எனக்கு வந்த கேள்விகளில் இதைவிட நல்லது இல்லை. பாடமாக்கத் தேவையே இல்லாத காரணம் ஒன்று இதற்குள் இருக்கிறது.

வினை, பிரதிப்பெயர், பெயரடை எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அதைத் திரும்பச் சொல்லவில்லை. நேரே ‘இட்’டுக்குப் போவோம். தாளில் அது தனிச் சொல். வாயில் அதற்குத் தனி வாழ்க்கை கிடையாது, பக்கத்தில் நிற்கும் சொல்லில் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஆங்கிலேயர் வேகமாகப் பேசும்போது நம் காதில் விழுவது ‘டேர்னிடோஃப்’. ‘பிக் ஹிம் அப்’ என்பது ‘பிக்கிமப்’ ஆகிவிடும். பழைய ஆங்கிலத்தில் இந்த ‘இட்’ என்ற சொல்லே ‘ஹிட்’ என்றுதான் இருந்தது. அழுத்தமில்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிச் சொல்லி முன்னால் இருந்த ‘ஹ’ தேய்ந்து போயிற்று. ஆற்றங்கரைக் கல் மாதிரி.

‘ஓஃப்’ அப்படி இல்லை. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே ‘டேர்ன் இட் ஓஃப்’ என்று சொல்லிப் பாருங்கள். டேர்னுக்கு ஒரு தட்டு, ஓஃபுக்கு இன்னும் பலமான தட்டு, நடுவில் இட் சத்தமில்லாமல் வழுக்கிப் போகும். இப்போது ‘டேர்ன் ஓஃப் இட்’ என்று சொல்லுங்கள். கடைசியில் தட்ட ஒன்றும் இல்லாமல் விரல் காற்றில் நிற்கும்.

கடைசியில் தட்டு விழுவது ஏன் அவ்வளவு முக்கியம்? ஆங்கிலம் சாதாரணப் பேச்சில் வாக்கியத்தின் கடைசி இருக்கையைப் புதிய செய்திக்கு ஒதுக்கி வைக்கிறது. ‘இட்’ என்று நான் சொன்னால், எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாவிட்டால் நான் அந்தச் சொல்லையே பாவித்திருக்க முடியாது. ஆக அது எப்போதும் பழைய செய்தி. அதை என்ன செய்யவேண்டும் என்பதுதான் புதிது, அது ‘ஓஃப்’பில் இருக்கிறது. லைட் என்ற பெயர்ச்சொல்லோ சில வேளை புதிது, சில வேளை பழையது. அதனால்தான் அதற்கு இரண்டு இடமும் திறந்திருக்கிறது. அந்த லைட்டே நீண்டு, ‘பின்னறையில் தம்பி நேற்று இரவு போட்டுவிட்டு மறந்துபோன லைட்’ என்று ஆகிவிட்டால், ஆங்கிலம் ஓஃபை முதலில் சொல்லிவிட்டு அந்த நீளமான பெயரைக் கடைசிக்குத் தள்ளும். நீளமானது பின்னால் வர விரும்பும் என்பதை ஓட்டோ பெகாகல் என்ற ஜெர்மன் மொழியியலாளர் 1909 இல் ஒரு விதியாகவே எழுதிவைத்தார்.

அதற்கும் முன்னால், 1892 இல், யாக்கோப் வாக்கர்நாகல் என்ற சுவிஸ் அறிஞர் சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் எல்லாவற்றிலும் அழுத்தமில்லாத சின்னச் சொற்கள் வாக்கியத்தின் இரண்டாம் இடத்துக்கு ஓடிவருவதைக் காட்டினார். நம்முடைய ‘இட்’ அதே விதிக்குள் அப்படியே அடங்காது, ஆனால் இரண்டிலும் பாரமில்லாத சொல் முன்பக்கம் நகர்கிறது. அதே 1892 இல்தான் காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தார். யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்த மனிதர். சொல்லின் அழுத்தத்தையும் இப்படி எடைபோட்டுப் பார்க்கும் வேலை அவருக்குப் பிடித்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சின்ன வயதில் கரண்ட் போன இரவுகளில் எங்கள் வீட்டில் குப்பி விளக்குத்தான். படுக்கப் போகும் நேரம் அம்மம்மா சொல்வார்: “ஊதி நூரு மனே.” எங்கள் பக்கம் விளக்கை நூர்ப்போம், அணைப்பது என்பது எழுத்துக்கு. இதையே ஓர் ஆங்கிலக் கிழவி தன் பேரனிடம் சொன்னால் ‘ப்ளோ இட் அவுட்’ என்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊதுவது ‘ப்ளோ’. நூர்ந்துபோவது ‘அவுட்’. எப்படிச் செய்ய வேண்டும் என்பது முதலில், செய்தால் என்ன ஆகும் என்பது கடைசியில். இரண்டு மொழியும் விளைவைக் கடைசி இருக்கையில்தான் உட்காரவைக்கின்றன!

வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. தமிழில் விளைவுதான் முழு வினை, ஊதுவது அதற்கு முன்னால் எச்சமாக ஒடுங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் ஊதுவது முழு வினை, விளைவு ஒரு சின்னச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. லெனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் 1985 இல் உலக மொழிகளை இந்த மாதிரித்தான் வகுத்துப் பார்த்தார்: நகர்வின் பாதையை வினைக்குள்ளேயே வைக்கும் மொழிகள் ஒரு பக்கம், அதை வினைக்குப் பக்கத்தில் ஒரு துணைச் சொல்லில் வைக்கும் மொழிகள் மறுபக்கம். இரண்டாவது வித்தியாசம் ‘இட்’. அம்மம்மாவின் வாக்கியத்தில் அது எங்கே? இல்லவே இல்லை. விளக்கு எதிரிலேயே எரிகிறது, ‘அதை’ என்று ஏன் சொல்ல வேண்டும்? தெரிந்ததைத் தமிழ் விட்டுவிடும். ஆங்கிலத்துக்கு விட்டுவிட அனுமதியில்லை, செயப்படுபொருளை எப்படியாவது சொல்லியாக வேண்டும். அதனால் எவ்வளவு சின்னதாகச் சொல்லலாமோ அவ்வளவு சின்னதாக, எங்கே ஒளிக்கலாமோ அங்கே, அதாவது வினைக்கும் விளைவுக்கும் நடுவில் செருகிவிடுகிறது.

இது பிடிபட்டால் பெயரடையும் தானாக வந்துவிடும். ‘புஷ் த டோர் ஓப்பன்’ சரி, ‘புஷ் ஓப்பன் த டோர்’ சரி, ‘புஷ் இட் ஓப்பன்’ சரி, ‘புஷ் ஓப்பன் இட்’ மட்டும் பிழை. இலக்கணப் புத்தகம் ‘ஓஃப்’பை ஒரு பாடத்திலும் ‘ஓப்பன்’ என்ற பெயரடையை வேறொரு பாடத்திலும் வைக்கும். வாக்கியத்துக்குள் இரண்டும் ஒரே இருக்கைக்காரர்கள். தமிழிலும் பாருங்கள்: தள்ளித் திற, உதைத்துத் திற. எல்லாம் இப்படிப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ‘பெயின்ட் இட் ப்ளூ’ என்பதற்கு நாம் ‘நீலமாகப் பூசு’ என்கிறோம், அங்கே விளைவு முன்னால் போய்விடுகிறது.

மாணவி இன்னொன்றும் கேட்டிருந்தார். அப்படியென்றால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ எப்படிச் சரி, அங்கே ‘ஹிம்’ கடைசியில் நிற்கிறதே? அங்கே ‘ஆஃப்டர்’ வினையின் ஆள் இல்லை, ‘ஹிம்’மின் ஆள். நம்முடைய அவனை, அவனுக்கு, அவனோடு என்பதில் உருபு பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அது முன்னால் தனியாக நிற்கிறது, அவ்வளவுதான். உருபையும் பெயரையும் பிரித்து நடுவில் எதையும் நுழைக்க முடியாது. அடையாளம் காணவும் தட்டுத்தான் வழி: ‘லுக் அட் இட்’ என்பதில் ‘அட்’ மெலிந்து போகும், ‘டேர்ன் இட் ஓஃப்’பில் ‘ஓஃப்’ ஓங்கி ஒலிக்கும்.

ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கும் இடம்தான் அழகு. ‘ஷீ சோ த்ரூ ஹிம்’ என்றால் அவனுடைய பசப்பைக் கண்டுகொண்டாள். ‘த்ரூ’ உருபு, அவனை ஊடுருவிப் பார்த்தாயிற்று. ‘ஷீ சோ ஹிம் த்ரூ’ என்றால் அவனுக்குக் கடைசிவரை துணைநின்று கரைசேர்த்தாள், ‘த்ரூ’ விளைவு. ‘ஹிம்’ ஓர் அடி நகர்ந்ததும் பசப்பைக் கண்டுகொண்டது ஆதரவாக மாறிவிட்டது.

1814 இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். இருநூறு வருடங்களுக்கு மேல் இங்கே ஆங்கிலம் படிக்கிறோம், இன்னும் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது நூறு சொற்றொடர்ப் பட்டியலும் “அது அப்படித்தான்” என்ற பதிலும். பரீட்சைக்கு முன் பேனையைக் கோயிலில் வைத்து எடுப்பதில் எனக்குக் கோபம் இல்லை. ‘இங்கிலிஷ் நமக்கு வாயில வராது, அது பிறவியிலே வரவேணும்’ என்று பெற்றோர் பிள்ளைக்கு முன்னாலேயே சொல்வதுதான் எனக்குப் பொறுக்காத மூடநம்பிக்கை. விளக்கை ஊதி நூர்க்கச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ‘ப்ளோ இட் அவுட்’டில் பாதி ஏற்கெனவே தெரியும். பேச்சு வழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழ் என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் எழுதினார். அந்தத் தமிழ் வாக்கியத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது, கிழவிகள் ‘மறுகா’, அதாவது பிறகு, என்று சொல்லி எப்படி அடுத்த செய்தியை எடுக்கிறார்கள் என்பதை வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் ஒலிப்பதிவு செய்து அளந்து பார்க்கப் பணம் ஒதுக்க வேண்டும். பெரிய செலவும் இல்லை. நல்ல ஒலிவாங்கி ஒன்று, பொறுமையான மாணவர் சிலர், கதை சொல்ல ஆசைப்படும் முதியவர்கள். அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் எப்போதும் இருக்கமாட்டார்கள்.

மாணவிக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கடைசி இருக்கை பிரதிப்பெயருக்கு அடியோடு பூட்டிக் கிடக்கவில்லை. இரண்டு பேரைப் பிடித்து ஒருவனை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றால், ‘தே லெட் ஓஃப் ஹிம், நொட் ஹேர்’ என்று ‘ஹிம்’மை அழுத்திச் சொல்வது ஆங்கிலக் காதுக்கு உறுத்தாது. யாரை என்பதே அங்கே புதிய செய்தி, ‘ஹிம்’முக்கு எடை வந்துவிட்டது. அம்மம்மாவும் அப்படித்தான். இரண்டு விளக்கு எரியும் இரவில் ‘ஊதி நூரு’ என்று மட்டும் சொல்லமாட்டார். கையை நீட்டி, “அதை இல்ல மனே, இதை” என்பார்.